மலைக்கு மூன்று நாற்காலி

நவம்பர் மாதத்தில் ஒரு நாள் காலை, வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்துக்கான படிவக் கட்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுப் படியேறி வந்தது ஒரு அங்கன்வாடி டீச்சர். மழைத் தூறல். குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். என் மனைவி கொடுத்த டீயைக் கையில் வைத்துச் சூடேற்றிக்கொண்டே சொன்னார்: "மேல் வரிசையில 18 வீடு சார். ஏழு வீடு பூட்டிக் கிடக்கு. எல்லாரும் கீழே போயிட்டாங்க. படிவத்தை யாருகிட்ட கொடுக்கறது?"

மலைவாசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 'கீழே' என்றால் எங்களுக்குக் கோயம்புத்தூர், திருப்பூர், மேட்டுப்பாளையம். இப்போது பெங்களூருவையும் சேர்த்துக்கொள்ளலாம். ஹட்டிகளிலும் இதே கதைதான் என்று என் படுக நண்பர் சொல்கிறார். பண்டிகைக்கு வருகிறார்கள், பூட்டைத் திறக்கிறார்கள், இரண்டு நாள் அடுப்பு எரிகிறது, மறுபடி பூட்டு. தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளிலும் பழைய குடும்பங்கள் போய், அஸ்ஸாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

டீச்சர் போன பிறகும் அந்த ஏழு பூட்டுகள் என் மனத்தை விட்டுப் போகவில்லை. பட்டியலில் பெயர் இருப்பதும் இல்லாததும் ஒரு பிரச்சினை. அதைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். எனக்குத் தோன்றியது வேறு. பூட்டிய வீட்டில் ஓட்டு மட்டுமா குறைகிறது? தலையும் குறைகிறது. தலை குறைந்தால் தொகுதி குறையும். நீலகிரிக்குச் சட்டசபையில் இன்று மூன்று இடங்கள்: 108 உதகமண்டலம், 109 கூடலூர், 110 குன்னூர். (108 ஆம்புலன்ஸ் எண்ணும்கூட. ஊட்டிக்காரர்கள் இதை வைத்துச் செய்யும் கேலியை இங்கே எழுத வேண்டாம்.) இந்த மூன்று, என் பேரப்பிள்ளைகள் காலத்தில் இரண்டாகிவிடும் என்று நான் அஞ்சுகிறேன். ஆகக் கூடாது என்பது என் அபிப்பிராயம். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணக்கு. முப்பது வருஷத்துக்கு மேல் எழுத்தராக இருந்தவனுக்குக் கூட்டலும் வகுத்தலும் இல்லாமல் பேச வராது.

2001 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் ஜனத்தொகை 6,24,05,679. இதை 234 தொகுதிகளால் வகுத்தால் ஒரு தொகுதிக்குச் சராசரி 2,66,691 பேர். அப்போது நீலகிரியில் இருந்தவர்கள் 7,62,141. வகுத்துப் பாருங்கள்: 2.86. ஆகவே மூன்று இடங்கள். நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான மறுவரையறை ஆணையம் அந்தக் கணக்கின்படிதான் மூன்றையும் நம்மிடமே விட்டது. 2008இல் அது நடைமுறைக்கு வந்தது. மாறியது தனித்தொகுதிதான். அதுவரை குன்னூர் தனித்தொகுதி, கூடலூர் பொது. 2008க்குப் பிறகு கூடலூர் தனி, குன்னூர் பொது. 2006இல் கூடலூரில் வென்ற கா. ராமச்சந்திரன் 2011இல் குன்னூரில் நின்று வென்றது இதனால்தான்.

அடுத்து 2011. மாநிலம் 7,21,47,030 ஆனது. சராசரி 3,08,321. நீலகிரியோ ஏறுவதற்குப் பதில் இறங்கியது: 7,35,394. பத்தாண்டில் 26,747 பேர் குறைந்துவிட்டோம். தமிழ்நாட்டிலேயே அந்தப் பத்தாண்டில் ஜனத்தொகை குறைந்த மாவட்டம் நம்முடையது ஒன்றுதான். இப்போது வகுத்தால் 2.39. பள்ளிக்கூடத்துக் கணக்கில் அரைக்குக் கீழே இருந்தால் தள்ளிவிடுவார்கள் அல்லவா? விடை, இரண்டு.

ஏன் குறைந்தோம் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். சோவியத் சந்தை போன பிறகு பச்சைத் தேயிலை விலை படுத்தது. இந்துநகரில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற ஒரு தொழிற்சாலையை நம்பி ஒரு நகரமே இருந்தது. அது தேய்ந்து தேய்ந்து மூடப்பட்டது. படித்த பிள்ளைக்கு மலையில் வேலை இல்லை. அவ்வளவுதான்.

2011 கணக்கை வைத்து யாரும் தொகுதியை மாற்றவில்லையே, பிறகென்ன கவலை என்று கேட்கலாம். 1976இல் 42ஆவது திருத்தம் இடங்களின் எண்ணிக்கையை 1971 ஜனத்தொகைப்படி நிறுத்தி வைத்தது. 84ஆவது திருத்தம் அதை 2026க்குப் பிறகு நடக்கும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. அந்தக் கணக்கெடுப்புக்கு இப்போது தேதி குறித்துவிட்டார்கள்: 2027 மார்ச் 1. பூட்டு திறக்கிற நாள் வந்துவிட்டது.

2025 மார்ச் 22ஆம் தேதி சென்னையில் ஒரு கூட்டம் நடந்தது நினைவிருக்கும். நம் அன்றைய முதலமைச்சர் அழைக்க, கேரள முதல்வர், தெலங்கானா முதல்வர், பஞ்சாப் முதல்வர், கர்நாடகத் துணை முதல்வர் எல்லாரும் வந்தார்கள். என்ன சொன்னார்கள்? குடும்பக் கட்டுப்பாட்டைச் சொன்னபடி கடைப்பிடித்த மாநிலங்களைத் தலைக்கணக்குப் போட்டுத் தண்டிக்காதீர்கள் என்றார்கள். எனக்கு அந்தக் கட்சி, இந்தக் கட்சி என்று இல்லை. அந்த வாதம் நியாயமானது. டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்றுதான் தோன்றியது: டில்லியைப் பார்த்துச் சென்னை என்ன சொல்கிறதோ, அதையே சென்னையைப் பார்த்து நீலகிரி வார்த்தை மாறாமல் சொல்லலாமே!

நாம் தலைகள் பெருகாமல் இருந்தது நம் விருப்பத்தால் மட்டுமா? இந்த மாவட்டத்தின் பாதிக்கு மேல் காடு. காட்டைத் தொடாதே என்பது சட்டம், நல்ல சட்டம். வீடு கட்ட வேண்டுமானால் எத்தனை அனுமதி, எத்தனை உயரம் என்று வரம்பு. அதுவும் மலைச் சரிவைப் பார்த்தால் தேவைதான் என்று ஒப்புக்கொள்கிறேன். கூடலூர், பந்தலூர் பக்கம் 1969ஆம் வருஷத்து ஜன்மம் ஒழிப்புச் சட்டம் இன்னும் முடிந்தபாடில்லை. அந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் மாட்டிய நிலத்தில் பட்டா இல்லாமல் இரண்டு தலைமுறை கடந்துவிட்டது. பட்டா இல்லாத இடத்தில் யார் நிலைத்து வீடு கட்டுவார்கள்? மலையின் தண்ணீர் மாயாறாகவும் பவானியாகவும் கீழே போகிறது. பைக்காராவில் 1932இல் மின்சாரம் எடுக்க ஆரம்பித்தார்கள். கோவை மில்கள் ஓடியது அதில்தான். மலையில் கூட்டம் சேராதே, காடாக வை, தண்ணீரைக் காப்பாற்று என்று சொல்வது சர்க்கார். அப்படியே இருந்தால், கூட்டம் இல்லையே, உனக்கு எதற்கு மூன்று என்று கேட்கப்போவதும் சர்க்கார்.

இதற்கு எதிர்வாதம் உண்டு. அதையும் சொல்லிவிடுவதுதான் முறை.

அமெரிக்காவில் ஏறக்குறைய எல்லா மாநிலங்களுக்கும் தனி செனட் உண்டு. மாநில செனட் தொகுதிகள் என்று பிரித்து அதற்குத் தேர்தல் நடக்கும். கலிபோர்னியாவில் ஒரு காலத்தில் இந்தச் செனட் தொகுதிகளைத் தலைக்கணக்கில் பிரிக்காமல், நம் மாவட்டம் போன்ற 'கவுன்டி'களை வைத்துப் பிரித்திருந்தார்கள். சியரா நெவாடா மலைப்பக்கத்து மூன்று கவுன்டிகள் சேர்ந்து ஒரு செனட்டர். அங்கே இருந்த ஜனங்கள் சுமார் 14 ஆயிரம். 60 லட்சம் பேர் இருந்த லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்டிக்கும் அதே ஒரு செனட்டர்! 1964 ஜூன் மாதம், அலபாமா மாநிலத்து வழக்கொன்றில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த மாதிரி ஏற்பாடுகளுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி எர்ல் வாரன் அதற்கு முன் கலிபோர்னியா கவர்னராக இருந்தவர். அந்தப் பதவியில் இருந்தபோது பழைய ஏற்பாட்டையே ஆதரித்தவர். சட்டசபை உறுப்பினர்கள் பிரதிநிதிகளாக இருப்பது மனிதர்களுக்கு, மரங்களுக்கும் ஏக்கர்களுக்கும் அல்ல என்பது அவர் தீர்ப்பின் சாரம்.

எனக்கு அந்தத் தீர்ப்பின் மீது மரியாதை உண்டு. 14 ஆயிரமும் 60 லட்சமும் சமம் என்றால் அது அக்கிரமம். பண்ணையாரும் கூலியும் ஒரே மதிப்புள்ள ஓட்டுப் போடுவதுதான் ஜனநாயகம். ஆனால் நாம் கேட்பது அது இல்லையே. இந்தக் கணக்கைப் பாருங்கள். 2011 எண்ணிக்கையில் நீலகிரியை இரண்டு தொகுதியாக்கினால் ஒவ்வொன்றிலும் 3,67,697 பேர். மாநிலச் சராசரிக்கு மேலே 19 விழுக்காடு. மூன்றாகவே விட்டால் ஒவ்வொன்றிலும் 2,45,131 பேர். சராசரிக்குக் கீழே 20 விழுக்காடு. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே தூரம்! இரண்டுமே சராசரியிலிருந்து விலகுகிறது என்றால், விலகலை மலைக்குச் சாதகமாக வைத்தால் என்ன கெட்டுவிடும்? மரங்களுக்கு ஓட்டில்லை, ஒப்புக்கொள்கிறேன். அந்த மரங்களை வைத்திருக்கச் சொன்னது யார் என்றாவது கேட்க வேண்டாமா?

தூரத்தையும் யாராவது கணக்கில் எடுக்க வேண்டும். பழைய சென்னை மாவட்டத்தில் 180 சதுர கிலோமீட்டருக்கும் குறைவான இடத்தில் 16 எம்.எல்.ஏ.க்கள். நீலகிரியில் 2,500 சதுர கிலோமீட்டருக்கு மேல், மூன்று பேர். கோத்தகிரி தாலுகாவில் தெங்குமரஹடா என்று ஒரு ஊர் இருக்கிறது, கேள்விப்பட்டிருப்பீர்கள். கோத்தகிரி மலை மேலிருந்து எட்டிப் பார்த்தால் கீழே தெரியும். வண்டியில் போக வேண்டுமானால் மேட்டுப்பாளையம் இறங்கி, பவானிசாகர் சுற்றி, காட்டுக்குள் புகுந்து, கடைசியில் மாயாற்றைப் பரிசலில் கடக்க வேண்டும். தாலுகா ஆபீசில் ஒரு கையெழுத்து வாங்க அந்த ஊர்க்காரர் செலவழிக்கும் நாளில் சென்னைக்காரர் எம்.எல்.ஏ. வீட்டுக்கு நடந்து போய்த் திரும்பி மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார்.

இரண்டாக்கினால் எப்படிப் பிரிப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். ஊட்டியையும் கூடலூரையும் ஏதோ ஒரு வகையில் சேர்த்தாக வேண்டும். இரண்டும் ஒரே மாவட்டம் என்பதைத் தவிர ஒற்றுமை என்ன? ஊட்டியில் உறைபனி, உருளைக்கிழங்கு, கேரட், டூரிஸ்ட். கூடலூரில் மிளகு, காபி, யானை, பட்டா, பாதிப் பேச்சு மலையாளம். ஊட்டியிலிருந்து கூடலூருக்கு 50 கிலோமீட்டர், நடுவட்டம் வழியாக வளைந்து இறங்க வேண்டும். பந்தலூர், சேரம்பாடி அதற்கும் அப்பால். மண் சரிந்தால் அதுவும் இல்லை. பனியர், காட்டுநாயக்கர் குடியிருப்புகளுக்கு இப்போதே எம்.எல்.ஏ.யைப் பார்ப்பது அபூர்வம். பெரிய தொகுதி ஆனால் ஓட்டு அதிகமுள்ள நகரத்தைச் சுற்றித்தான் வேட்பாளர் வருவார்.

பாராளுமன்றத் தொகுதி எப்படியிருக்கிறது என்று பாருங்களேன். பெயர் நீலகிரி. ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் மலை மேல் மூன்று. மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகர் என்று கீழே மூன்று. 1962இல் அக்கம்மா தேவி என்ற படுகப் பெண்மணியை டில்லிக்கு அனுப்பிய தொகுதி இது. இன்று மலைக்காரர் ஒருவரை நிறுத்தினால் வெல்வாரா என்று எந்தக் கட்சியாவது யோசிக்குமா? எனக்குச் சந்தேகம்தான். வேட்பாளர்களை நம் மக்கள் எப்படி எடை போடுவார்கள் என்பதற்கு 2014ஆம் வருஷம் ஒன்றே போதும்: ஒரு பெரிய கட்சி வேட்பாளரின் மனு தள்ளுபடியான அந்தத் தேர்தலில் 46,559 பேர் 'நோட்டா'வை அழுத்தினார்கள். ஓட்டுச் சாவடி வரை நடந்து வந்து, வரிசையில் நின்று, யாரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள்.

எனக்கு இந்த விஷயத்தில் இவ்வளவு அக்கறை எப்படி வந்தது என்றால், அதற்கு ஒரு பாட்டி காரணம். 1989 ஜனவரி 21, சட்டசபைத் தேர்தல். எனக்குப் பந்தலூர் பக்கம் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டூட்டி. முந்தின நாள் ஓட்டுப் பெட்டி, மை, அரக்கு, சணல், சீட்டுக் கட்டு எல்லாம் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போகும்போது வழியில் ஒற்றை யானை நின்று, ஒன்றரை மணி நேரம் எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். மறுநாள் காலை கதவு திறக்குமுன் வாசலில் ஒரு அம்மாள். ஸ்வெட்டருக்கு மேல் கம்பளி, தலையில் துண்டு. எழுபது வயது இருக்கும். சிலோன்காரர் என்று எங்கள் பக்கம் சொல்வார்களே, சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் திரும்பி வந்த குடும்பம்.

விரலை நீட்டினார். நான் மை வைத்தேன். "ஐயா, இந்தச் சீட்டு எங்கங்க போகும்?" என்றார். கூடலூர்த் தொகுதிக்கு எண்ணுவாங்க அம்மா, ஜெயிச்சவர் மெட்ராஸ் போவார் என்றேன். "எங்க அப்பாரு அட்டன் பக்கம் ஒரே ஒரு தடவை போட்டாருங்க. அப்புறம் எங்களுக்கு இல்லைன்னுட்டாங்க. நான் இங்க வந்துதான் போடுறேன்," என்று சொல்லிவிட்டுச் சீட்டை நெஞ்சோடு அணைத்து எடுத்துக்கொண்டு திரை மறைவுக்குப் போனார். அந்த ஒரே ஒரு தடவை 1947ஆக இருக்க வேண்டும். அந்தத் தேர்தலில் இலங்கைத் தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் ஆட்களையே பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த வருஷமே குடியுரிமைச் சட்டம் வந்தது. அதற்கடுத்த வருஷம் வாக்காளர் பட்டியலிலிருந்தும் போனார்கள். 1952 தேர்தலில் அவர்களுக்குக் குரலே இல்லை. நாற்காலி போனால் என்ன ஆகும் என்பதைப் புத்தகத்தில் படிக்காமல் வாழ்ந்து தெரிந்துகொண்டவர்கள் நம் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் ஓட்டுப் போடும் தொகுதியின் பெயர்தான் கூடலூர்.

இனி என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன்.

மேலவை இருந்தால் நன்றாக இருக்குமே என்று என் வயதுக்காரர்கள் சிலர் சொல்வார்கள். நானும் ஒரு காலத்தில் சொன்னவன். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே எங்கள் வாத்தியார், பிரெஞ்சிந்தியாவின் ஐந்து சிதறிய ஊர்களுக்கும் சேர்த்துப் பாரிஸ் செனட்டில் 1875ஆம் வருஷச் சட்டப்படி ஒரு செனட்டர் இடம் இருந்தது என்று பெருமையாகச் சொல்வார். பிரெஞ்சு அரசியல் சட்டம் இன்றும் செனட்டை உள்ளாட்சிகளின் பிரதிநிதி என்றே சொல்கிறது. ஊராட்சி, நகர மன்ற ஆட்கள்தான் பெரும்பாலும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். தெற்கு பிரான்சில் லோசேர் என்று ஒரு மலை மாவட்டம். ஜனங்கள் ஒரு லட்சத்துக்கும் குறைவு. கீழவையில் அதற்கு இரண்டு இடங்கள் இருந்தன; தலைக்கணக்குப் போட்டு 2012 தேர்தலிலிருந்து ஒன்றாக்கிவிட்டார்கள். நம் கதைதான். ஆனால் செனட்டில் அதற்கென்று ஒருவர் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்.

நம் மேலவையிலும் மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்களை உள்ளாட்சி மன்றத்தார் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 171ஆம் பிரிவு சொல்கிறது. கேட்க அழகாக இருக்கிறது. நடந்தது என்ன? தமிழ்நாட்டில் 1970க்குப் பிறகு 1986 வரை உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை! ஓட்டுப் போட ஆள் இல்லாத தொகுதி. ராஜாஜியும் அண்ணாவும் உட்கார்ந்த அவை, பொதுத்தேர்தலில் தோற்றவர்களுக்குத் திண்ணையாகிப் போனது. கடைசியில் ஒரு நியமனச் சர்ச்சையில் மாட்டி 1986 நவம்பர் 1ஆம் தேதியோடு மூடப்பட்டது. 2010இல் சட்டசபையில் தீர்மானம், பாராளுமன்றத்தில் சட்டம் எல்லாம் வந்தும் 2011இல் ஆட்சி மாறியதும் வேண்டாம் என்றார்கள். இன்று திரும்பக் கொண்டுவந்தாலும் நீலகிரியின் 35 ஊராட்சிகளிலும் ஓட்டுப் போட உறுப்பினர்கள் இல்லை. 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர்கள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே மேலவைக் கனவை நான் விட்டுவிட்டேன். இருக்கிற சட்டசபையில் இருக்கிற மூன்றைக் காப்பாற்றுவதுதான் வேலை.

அதற்கு வழி இல்லாமல் இல்லை. ஜம்மு காஷ்மீரில் 2022இல் முடிந்த மறுவரையறையில், நீதிபதி ரஞ்சனா தேசாய் தலைமையிலான ஆணையம் 20 மாவட்டங்களையும் மூன்று வகையாகப் பிரித்தது: மலையும் கடினமான பாதையுமாக இருப்பவை, மலையும் சமவெளியும் கலந்தவை, சமவெளி. சராசரிக்கு மேலும் கீழும் பத்து விழுக்காடு வரை இடம் விட்டுத் தொகுதிகளைப் பங்கிட்டது. அந்தப் பத்து நமக்குப் போதாது, இருபது வேண்டும். ஆனால் மலை வேறு, சமவெளி வேறு என்று எழுத்தில் ஒப்புக்கொண்டார்களே, அதுதான் முக்கியம். இன்னொன்றும் கவனித்தேன். கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்றவர்கள், லடாக்குக்கும் இமயத்தின் பனி மூடும் பகுதிகளுக்கும் மட்டும் 2026 அக்டோபர் 1 என்று தனித் தேதி வைத்திருக்கிறார்கள். தலை எண்ணும்போது மலையின் தட்பவெப்பம் தெரிகிறது. இடம் பங்கிடும்போதும் தெரிய வேண்டும்.

தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உத்தராகண்டைப் பாருங்கள். மலைக்காகவே கேட்டு வாங்கிய மாநிலம். 70 இடங்களில் 40 மலைக்கு, 30 சமவெளிக்கு என்று இருந்தது. 2008 மறுவரையறையில் மலைக்கு 34, சமவெளிக்கு 36. காரணம் அதேதான்: பூட்டிய வீடுகள்.

சட்டப்படி ஆணையம் முன்மொழிவை முதலில் அரசிதழில் வெளியிட வேண்டும். ஆட்சேபங்கள் கேட்க வேண்டும். பொது அமர்வு நடத்த வேண்டும். எந்த ஊரிலும் அந்த நாளில் கட்சிக்காரர்கள் வந்து தங்கள் ஓட்டு வங்கி எந்தப் பக்கம் போகிறது என்று சண்டை போடுவார்கள். பொதுமக்கள் காகிதத்தோடு வருவது அபூர்வம். தேதி, எண், தூரம், கையெழுத்து எல்லாம் உள்ள காகிதத்தை எந்த ஆபீசும் சுலபமாக ஒதுக்கிவிட முடியாது. அதில் மட்டும் எனக்கு அனுபவம் உண்டு.

ஆகவே ஒரு மனு எழுதத் தொடங்கியிருக்கிறேன். இன்னும் ஆணையமே அமைக்கவில்லையே என்று என் மனைவி சிரிக்கிறாள். இருக்கட்டும், இணைப்புகளைத் தயார் செய்ய நாளாகும். படிக்கும் அன்பர்கள் ஒரு உதவி செய்யுங்கள். உங்கள் ஹட்டியில், லைனில், தெருவில் மொத்தம் எத்தனை வீடு, எத்தனை பூட்டு. உங்கள் வீட்டிலிருந்து வாக்குச்சாவடி எத்தனை கிலோமீட்டர், அதில் எத்தனை கிலோமீட்டர் நடை. தாலுகா ஆபீஸ் போய்வரப் பஸ் கட்டணம் எவ்வளவு. மஞ்சூர், கிண்ணக்கொரை, எருமாடு, சேரம்பாடி பக்கத்தவர்கள் அவசியம் எழுதுங்கள். எங்கள் மேல் வரிசைக் கணக்கை முதல் வரியில் எழுதிவிட்டேன்: 18 வீடு, ஏழு பூட்டு, சாவடிக்கு 1.4 கிலோமீட்டர், முழுக்க ஏற்றம்.